கம்பெனி காரை விட்டு இறங்கியபின்

பத்துப் பதினைந்து வருஷம் கம்பெனி கொடுத்த காரிலேயே உத்தியோகம் பார்த்துவிட்டு, ஓய்வு பெறுவதாலோ, வேறு வேலைக்கு மாறுவதாலோ, சொந்தத் தொழில் தொடங்கும் உற்சாகத்தாலோ அந்தக் காரை விட்டு இறங்குகிறவர்களுக்கு, பெட்ரோல் செலவு இனித் தம் கையிலிருந்தே போகும் என்பது முன்னமே தெரியும். டயர் தேய்ந்தால் தாமே மாற்றவேண்டும் என்பதும் தெரியும். இன்ஷூரன்ஸ் என்று ஒன்று வருஷந்தோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது என்ற விஷயம் மாத்திரம், ஏஜென்டுக்கு எதிரே உட்கார்ந்து, "இதற்கு முன் உங்கள் பெயரில் பாலிசி உண்டா, ஸார்?" என்ற கேள்வியைக் கேட்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது. இல்லை என்றதும், அத்தனை வருஷமும் ஒரு கீறல் படாமல் ஓட்டியவருக்கும், போன மாதம் லைசென்ஸ் வாங்கிய வாலிபனுக்கும் ஏறக்குறைய ஒரே தொகையை அவர் எழுதிக் காட்டுகிறார். இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை அறிந்துகொண்டவருக்கு, எந்தக் காரை வாங்குவது, எந்தப் பாலிசியை எடுப்பது என்ற தீர்மானங்களில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

நம் தேசத்தில் மோட்டார் இன்ஷூரன்ஸ் என்பது வண்டியையும், அந்த வண்டியின் சொந்தக்காரரையும் பற்றி நிற்கிறதே தவிர, அதை ஓட்டுகிறவரைப் பற்றி நிற்பதில்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பாலிசி காப்பாற்றும். அதே காரணத்தால், ஓட்டியவருடைய நிதானத்துக்கும் சாமர்த்தியத்துக்கும் அதில் தனிக் கணக்கு வைப்பதில்லை. ஒரு வருஷம் நஷ்டஈடு கேட்காமல் இருந்தால் 20 சதவீதம், அடுத்த வருஷம் 25, பிறகு 35, 45 என ஏறி, ஐந்தாம் வருஷ முடிவில் 50 சதவீதத்தில் நிற்கும் 'நோ கிளெய்ம் போனஸ்' என்னும் தள்ளுபடி, பாலிசி எவர் பெயரில் இருக்கிறதோ அவருக்கே சேரும். வாடகை வீட்டின் கொல்லையில் மாங்கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றியவர் காலி செய்துகொண்டு போனால் மரம் யாருக்குச் சொந்தமோ, அப்படியே கம்பெனி காரில் சம்பாதித்த போனஸும் கம்பெனிக்குத்தான் சொந்தம்.

ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை அறியாமல் ஆயிரக்கணக்கான ரூபாயை விட்டுவிடுகிறவர்களே அதிகம் என்பது என் அபிப்பிராயம். 2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப் புத்தகத்தில், ஸ்தாபனத்துக்குச் சொந்தமான வண்டி ஒரு ஊழியருக்கென்று ஒதுக்கப்பட்டு, அவரே பிரத்தியேகமாக உபயோகித்து வந்திருந்து, பின்பு அந்த வண்டியே அவர் பெயருக்கு மாற்றப்படுமானால், அந்தக் காலத்தில் சேர்ந்த போனஸை அவருக்கே கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அதற்கு ஆதாரமாக, வண்டி அவருக்கே ஒதுக்கப்பட்டு அவராலேயே உபயோகிக்கப்பட்டது என்று முதலாளி தரும் கடிதம் ஒன்று வேண்டும். டாரிஃபின் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தளர்ந்துவிட்ட இக்காலத்திலும், போனஸ் விஷயத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பொதுவாகப் பழைய வழக்கத்தையே அனுசரித்து வருகின்றன என்றாலும், எடுக்கப்போகும் கம்பெனியின் விதியை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதே விவேகம்.

ஆகவே முதல் தேர்வு பாலிசிகளுக்கு இடையே அல்ல, கார்களுக்கு இடையேதான். ஓட்டிவந்த அதே காரைக் கம்பெனியிடமிருந்து கிரயம் பெற்றுக்கொள்வதா, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்குவதா? வண்டியின் சுபாவம், பராமரிப்பு, விலை இவற்றை எல்லாரும் எடைபோட்டுப் பார்ப்பார்கள். ஆனால் அதே வண்டியை எடுத்தால் மாத்திரமே போனஸ் கூட வரும் என்பதையும் தராசில் வைக்கவேண்டும். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் ரூ. 12,000 என்று வைத்துக்கொண்டால், 50 சதவீதப் போனஸ் உள்ளவர் அதில் ரூ. 6,000 கட்டுகிறார், போனஸ் இல்லாதவர் முழுத் தொகையும் கட்டி, மீண்டும் முதற்படியிலிருந்து ஐந்து வருஷம் ஏறவேண்டும். இந்த வித்தியாசத்துக்காகப் பழுதான வண்டியை வாங்கச் சொல்லவில்லை. இரண்டும் ஏறக்குறையச் சமமாக நிற்கும்போது, பழகிய வண்டியின் பக்கம் முள் சாய்வதற்கு இது போதுமான காரணம்.

அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேலையில் இருக்கும்போதே அதை வாங்கிவிட வேண்டும்; கடைசி நாளுக்குப் பிறகு ஆபீஸில் நம் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறவர் யாரும் இருக்கமாட்டார். கம்பெனியின் பெயர் அச்சிட்ட தாளில், வண்டியின் பதிவு எண், சேஸிஸ் எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஒதுக்கப்பட்டது, வேறு எவரும் உபயோகிக்கவில்லை என்ற வாசகம், பாலிசி எண்கள் ஆகியவை இருக்கவேண்டும். கடைசி இரண்டு மூன்று வருஷத்துப் பாலிசிப் பிரதிகளையும் கூடவே கேட்டு வாங்கிக்கொண்டால் நல்லது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. இப்போதெல்லாம் பல கம்பெனிகள் காரைச் சொந்தமாக வாங்காமல் லீஸ் கம்பெனியிடமிருந்து எடுத்துக் கொடுக்கின்றன, ஆர்.சி. புக்கில் இருப்பது லீஸ் கம்பெனியின் பெயராகவே இருக்கும். அப்படியானால் முதலாளியின் கடிதம் மட்டும் போதுமா, லீஸ் கம்பெனியின் கடிதமும் வேண்டுமா என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

கம்பெனி கார் கிடைத்த சந்தோஷத்தில் தம் பழைய சொந்தக் காரை விற்றுவிட்டவர்கள், அன்று அதில் சேர்ந்திருந்த போனஸ் இன்று உதவுமா என்று கேட்பதுண்டு. பழைய பாலிசி முடிந்த தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் புதுப் பாலிசி எடுத்தால் உதவும். அதற்குப் பிறகு இல்லை. ஆகையால் பத்து வருஷம் கம்பெனி காரில் சென்றவருக்கு அந்தப் பழைய புண்ணியம் கரைந்தே போய்விட்டது. மாறாக, வளைகுடா நாடுகளிலோ வேறு அயல்நாட்டிலோ தம் சொந்தப் பெயரில் கார் வைத்திருந்து திரும்புகிறவர்கள், அங்கே நஷ்டஈடு கேளாத வருஷங்களுக்கு அத்தாட்சி கொண்டுவந்தால், அதே மூன்று வருஷக் கெடுவுக்குள் இங்கும் போனஸ் பெற வழியுண்டு. எது எப்படியானாலும், இல்லாத போனஸை இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடுவது மாத்திரம் கூடாது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது ஏஜென்ட் தாராளமாக இருப்பார். விபத்து நடந்து, பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் போய்ப் பதில் வந்தபின் அந்தத் தாராளத்துக்கு நாமே பதில் சொல்லவேண்டி வரும்.

பழைய காரையே கிரயம் பெறுகிறவர்கள் மறக்கக்கூடாத இன்னொன்று, பாலிசியின் பெயர் மாற்றம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு, வண்டி கைமாறும்போது இன்ஷூரன்ஸும் கூடவே மாறியதாகக் கருதப்படும் என்றும், வாங்கியவர் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்கவேண்டும் என்றும் சொல்லுகிறது. இதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு, கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கின் தீர்ப்பை ஞாபகப்படுத்தவேண்டும். 1996-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுதியில் வெளியான அந்த வழக்கில், இப்படித் தானாக மாறுவது மூன்றாம் நபருக்கு ஏற்படும் தீங்குக்கான பொறுப்பு மட்டுமே என்றும், வண்டியின் சொந்தச் சேதத்துக்கு, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சம்மதத்தோடு தனியாகப் பெயர் மாற்றியிருக்க வேண்டும் என்றும் சுப்ரீம் கோர்ட் முடிவு சொல்லிவிட்டது. அதாவது, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாறி, பாலிசியில் பழைய முதலாளியின் பெயரே நிற்கும் இடைக்காலத்தில் கார் நொறுங்கினால், அடிபட்ட பிறருக்கு நஷ்டஈடு கிடைக்கும். நம் காருக்கு ஒன்றும் கிடைக்காது. என் யோசனை, பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பத்தை ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸ் ஆபீஸிலும் ஒரே நாளில் கொடுத்து, இரண்டு இடத்திலும் ரசீது பெற்றுக்கொள்வதே.

இனிப் பாலிசி வகைகளுக்கு வருவோம். 'தர்ட் பார்ட்டி' என்று சொல்லப்படுவது சட்டம் கட்டாயமாக்கியது. அது இல்லாமல் ரோட்டில் இறங்கினால் முதல் தடவை ரூ. 2,000 அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. இதன் விலையைச் சர்க்கார் நிர்ணயிப்பதால் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒன்றுதான்: 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அட்டவணைப்படி, 1,000 சி.சி.க்கு மேற்படாத சொந்தக் காருக்கு வருஷத்துக்கு ரூ. 2,094, 1,500 சி.சி. வரை ரூ. 3,416, அதற்கு மேல் ரூ. 7,897, இவற்றின் மேல் வரி வேறு. பிறருடைய உயிருக்கும் உடலுக்கும் வரம்பில்லாமலும், பிறர் சொத்துக்கு ரூ. 7.5 லட்சம் வரையிலும் இது பொறுப்பேற்கும். நம் காருக்கு ஒரு பைசாவும் தராது. அதைக் காட்டிலும் முக்கியமான குறை ஒன்று உண்டு: சொந்தக் காரில் இலவசமாக உடன் வருகிறவர்கள் விஷயத்தில் இந்த வெறும் சட்டப் பாலிசி பொறுப்பேற்காது என்று கோர்ட்டுகள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன, ஆனால் ஜனங்கள் 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று சொல்லும் முழுப் பாலிசி, காருக்குள் இருப்பவர்களையும் சேர்த்துக் காப்பாற்றும் என்று 2009-இல் இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமே தெளிவுபடுத்தியது. மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகிற காருக்கு எது தகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்து வருஷம் தாண்டிப்போய், விற்றால் சொற்பமே பெறும் வண்டியாயினும், பயணிகளை உத்தேசித்து முழுப் பாலிசியே எடுக்கச் சொல்வேன். தனியே ஒருவராகக் கடைத்தெருவுக்குப் போய் வருகிற பழைய வண்டிக்கு வேண்டுமானால் தர்ட் பார்ட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

புதுக் கார் வாங்குகிறவருக்கு வழி சற்று வேறு. சாலை விபத்துகளின் கொடுமையைக் கண்டு மனம் நொந்து கோயம்புத்தூர் எலும்பு முறிவு நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் இட்ட உத்தரவின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார்களுக்கு மூன்று வருஷத் தர்ட் பார்ட்டியைச் சேர்ந்தாற்போல எடுத்தே ஆகவேண்டும். சொந்தச் சேதப் பகுதியை ஒரு வருஷத்துக்கு எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்குக் கூட மாற்றிக்கொள்ளலாம். இரண்டு வருஷமே ஆன கம்பெனி காரைக் கிரயம் பெறுகிறவருக்கும் இது பிரயோஜனமாகும்: தர்ட் பார்ட்டி இன்னும் ஒரு வருஷம் ஓடும், அதைப் பெயர் மாற்றிக்கொண்டு, சொந்தச் சேதத்துக்கு மட்டும் தாம் விரும்பும் கம்பெனியில் தனிப் பாலிசி எடுத்துவிடலாம்.

கம்பெனி காரில் சென்றவர்கள் அநேகமாக ஒருவருமே கவனித்திராத பள்ளம் ஒன்று உண்டு. வண்டியின் சொந்தக்காரரே ஓட்டிச் சென்று விபத்தில் மாண்டாலோ ஊனமுற்றாலோ அவருக்கோ வாரிசுக்கோ ரூ. 15 லட்சம் வரை கொடுக்கும் தனிநபர் விபத்துக் காப்பு, சொந்தக் காருடன் கட்டாயமாகச் சேருவது. 2017-இல் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பைத் தொடர்ந்தே இந்தத் தொகை, காருக்கு இருந்த ரூ. 2 லட்சத்திலிருந்து இந்த அளவுக்கு உயர்ந்தது. ஆனால் கம்பெனி என்னும் சட்டப் பிறவிக்குக் கை கால் கிடையாது, டிரைவிங் லைசென்ஸும் கிடையாது. ஆகவே கம்பெனி காரில் இந்தக் காப்பு இருந்திருக்க இடமே இல்லை. அந்தக் குறையை ஊழியர்களுக்கான பொது விபத்துப் பாலிசி நிரப்பி வந்திருக்கலாம். அதுவும் வேலையின் கடைசி நாளோடு முடிந்துபோகிறது. ஏற்கெனவே ரூ. 15 லட்சத்துக்குக் குறையாத விபத்துப் பாலிசி சொந்தமாக வைத்திருப்பவர் இதை விட்டுவிடலாம் என்று விதி அனுமதிக்கிறது. பழைய ஆபீஸ் பாலிசியை மனத்தில் வைத்துக்கொண்டு 'உண்டு' என்று எழுதிவிடக்கூடாது. டிரைவர் வைத்துக்கொள்பவர், சொற்பமான கூடுதல் தொகை கட்டி அவருக்கான பொறுப்பையும் சேர்த்துக்கொள்வது தர்மமும் ஆகும், சௌகரியமும் ஆகும்.

முழுப் பாலிசியிலேயே கம்பெனிக்குக் கம்பெனி விலை வித்தியாசப்படுவது சொந்தச் சேதப் பகுதியில்தான். 2007 ஜனவரி முதல் அதன் விலையை அவர்களே வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. பிரீமியம் குறைவாகச் சொல்லுகிறவரிடம் முதலில் பார்க்கவேண்டியது, காரின் மதிப்பு என்ன போட்டிருக்கிறார் என்பதே. வழக்கமான கணக்கின்படி, தயாரிப்பாளரின் விற்பனை விலையில் இரண்டு முதல் மூன்று வருஷ வண்டிக்கு 30 சதவீதமும், நான்கு முதல் ஐந்து வருஷ வண்டிக்கு 50 சதவீதமும் கழிப்பார்கள்; ரூ. 10 லட்சம் விலையுள்ள இரண்டரை வருஷ வண்டிக்கு ரூ. 7 லட்சம் வரவேண்டும். ரூ. 5.5 லட்சம் என்று எழுதிப் பிரீமியத்தில் சில நூறு குறைத்துக் காட்டுபவர், வண்டி திருட்டுப் போன அன்று ரூ. 1.5 லட்சத்தை நம் தலையில் கட்டிவிடுகிறார். ஆகவே ஒரே மதிப்பை வைத்து மூன்று நான்கு கம்பெனிகளின் பிரீமியத்தைக் கேட்டால்தான் ஒப்பீடு ஒப்பீடாகும்.

கூடுதல் காப்புகளில் 'ஸீரோ டெப்' என்றும் 'பம்பர் டு பம்பர்' என்றும் வழங்குவதையே முதலில் வைப்பேன். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். இக்காலத்துக் காரின் முன்பக்கமும் பின்பக்கமும் ஏறக்குறைய முழுதும் பிளாஸ்டிக்காகவே இருப்பதால், ரூ. 20,000 பம்பருக்கு ரூ. 10,000 நம் கையிலிருந்து போகும். ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட வண்டிக்கு இதை எடுப்பது மெத்தச் சரி; அதற்கு மேற்பட்டதற்குப் பெரும்பாலும் கொடுக்கவும் மாட்டார்கள். சென்னையிலோ கடலோர மாவட்டங்களிலோ வசிப்பவருக்கு இஞ்சின் காப்பு இரண்டாவது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்களைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்து இஞ்சினை முறித்துக்கொண்டவர்களுக்கு, வெள்ளத்தால் நேர்ந்த சேதம் வேறு, ஸ்டார்ட் செய்ததால் நேர்ந்த சேதம் வேறு என்ற பதில் கிடைத்தது. சாதாரணப் பாலிசி பின்னதை ஏற்பதில்லை. போனஸைக் காப்பாற்றும் துணைக் காப்பு, 50 சதவீதத்தோடு பழைய காரை எடுத்துக்கொண்டவருக்குப் பொருந்தும்; முதற்படியில் நிற்கிறவருக்கு அதில் காப்பாற்ற ஒன்றுமில்லை. சாவி தொலைதல், சாமான் காணாமற்போதல் இவற்றுக்கெல்லாம் பணம் கொடுப்பது, என் பார்வையில், பட்டியலை நீட்டுவதற்கே ஆகும்.

பாலிசியை ஷோரூமில்தான் எடுக்கவேண்டும் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அப்படி நிர்ப்பந்திக்க அவர்களுக்கு உரிமை இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் இணையதளத்தில் நேரே எடுப்பது விலையில் சகாயம். ஆனால் கம்பெனிக் கடிதத்தைக் காட்டிப் போனஸ் கேட்கும் நம்மைப் போன்ற விசேஷ விண்ணப்பதாரருக்கு இணையதளத்தின் கட்டங்களில் இடம் இருப்பதில்லை. ஆகையால் முதல் வருஷம் மட்டும், சென்னை, மதுரை போன்ற ஊர்களில் கிளை ஆபீஸ் உள்ள ஒரு கம்பெனிக்குக் கடிதத்தோடு நேரே சென்றோ, அனுபவமுள்ள ஏஜென்ட் மூலமோ எடுத்துவிட்டு, போனஸ் நம் பெயரில் பாலிசியில் ஏறியபின் மறுவருஷம் எங்கே வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கிலோமீட்டர் கணக்குப்படி பிரீமியம் குறையும் திட்டங்களுக்கு 2022 ஜூலையில் ஆணையம் அனுமதி அளித்திருக்கிறது. தினந்தோறும் ஆபீஸ் போய்வந்த காலம் முடிந்து, கோயிலுக்கும் மருமகள் வீட்டுக்கும் மட்டும் காரை எடுக்கிறவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கத் தவறக்கூடாது.

கம்பெனி நாட்களின் ஒரு பழக்கத்தை மட்டும் கைவிட்டாக வேண்டும். அப்போது சிறு கீறலுக்கும் ஒர்க்ஷாப்பில் விட்டு, கிளெய்ம் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம்; போனஸ் போனால் கம்பெனிக்குப் போயிற்று. இப்போது ரூ. 3,000 பெறும் கீறலுக்குக் கிளெய்ம் கேட்டால், அதில் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு ரூ. 1,000-மும் அதற்கு மேற்பட்டதற்கு ரூ. 2,000-மும் கட்டாயக் கழிவாகப் போய், மறுவருஷம் சேர்ந்த போனஸ் முழுவதும் போகும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் அதே கதிதான்.

கடைசியாக, தேதிகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64 வி.பி. பிரிவுப்படி, பிரீமியம் கையில் சேராமல் எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்பதில்லை. பணம் சேர்ந்தபின் பாலிசியில் குறிப்பிடும் நேரத்திலிருந்தே காப்பு தொடங்கும். பழைய கம்பெனியின் பாலிசி எந்த நாள் நள்ளிரவில் முடிகிறது, அல்லது வண்டியை ஒப்படைத்ததும் அவர்கள் அதை ரத்து செய்துவிட்டார்களா என்பதை விசாரித்து, புதுப் பாலிசியில் அச்சான மணியைப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருகினால் போதும்.